மீதி ஒரு கிலோ

அரசாங்கக் கடிதம் என்றால் யாகப்பன் முதலில் சிலுவை போட்டுக்கொள்வார், அப்புறம்தான் கண்ணாடியைத் தேடுவார். ஈஸ்டர் முடிந்த மறுவாரம் வந்த கடிதத்துக்குக் கண்ணாடியைத் தேடவும் தெம்பு இல்லாமல் போயிற்று. பழுப்பு உறை, சிங்க முத்திரை, ஊதா மையில் ஒரு கையெழுத்து. பிரிக்காமலேயே மனைவி செலின் மேரியிடம் நீட்டிவிட்டுக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்.

செலின் மேரி எட்டாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டி வாசித்தாள். "பெறுநர், திரு. மிகையெடையர் யாகப்பன், கோயில் தெரு, யாகப்பர்பேட்டை, வில்லியனூர் கொம்யூன்."

"அது யாரு?"

"நீதான் போல. தெருவும் நம்ம தெருதான், கதவு நம்பரும் நம்முளுதுதான்."

மிகை எடை மேலாண்மை அலுவலகம் சொல்லியிருந்த சேதி இது. கணக்கெடுப்பின்படி யாகப்பனின் எடை நூற்றுப் பன்னிரண்டு கிலோ. அவர் உயரத்துக்கு அறுபத்தாறு கிலோ போதும். எனவே அதிகப்படியாக வைத்திருக்கும் நாற்பத்தாறு கிலோவை, அலுவலகம் நடத்தும் நாற்பது நாள் உறைவிட முகாமில் அவர் குறைத்துக்கொள்ள வேண்டும். வரத் தவறினால் குடும்ப அட்டை முடக்கப்படும், போலீசார் துணையுடன் அழைத்துவரப்படுவார், நாற்பத்தாறு கிலோவும் குறையும்வரை வெளியே விடப்படமாட்டார்.

யாகப்பன் தன் கையைப் பார்த்துக்கொண்டார். வாழ்நாளில் நாற்பத்தேழு கிலோவைத் தாண்டாத உடம்பு அது. மார்க்கெட் கமிட்டியில் நெல் மூட்டை தூக்குகிறவர். முதுகில் ஏறும் மூட்டை அவரைவிடப் பதின்மூன்று கிலோ கூடுதல். மூட்டையை யாகப்பன் தூக்குகிறாரா, யாகப்பனை மூட்டை தூக்கிக்கொண்டு போகிறதா என்று வியாபாரிகள் கேலி பேசுவார்கள்.

"நாப்பத்தேழுல நாப்பத்தாறு போனா இன்னா மிஞ்சும்?" என்று கேட்டார்.

செலின் மேரி விரலை மடக்கவே இல்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "ஒரு கிலோவ வச்சிக்கினு நான் இன்னா பண்ணுவேன்" என்றாள்.

இந்த இடத்தில் அந்தப் பேட்டையின் வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அங்கே இருப்பது சந்த யாகப்பர் கோயில். ஆண் பிள்ளை பிறந்தால் வீட்டுக்கு ஒன்றையாவது புனிதரின் பெயரில் எழுதிவிடுவார்கள். கோயில் தெருவில் மட்டும் இன்றைய தேதிக்கு நாலு யாகப்பன்கள் இருக்கிறார்கள். பெயரைச் சொல்லி ஆளைக் கூப்பிட முடியாது என்பதால் பட்டப்பெயரை முன்னால் மாட்டிவிடுவார்கள். மிலிட்டரி யாகப்பன் பட்டாளத்தின் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை, காக்கி டவுசர் போட்டு வளர்ந்தவர், அவ்வளவுதான். பால்கார யாகப்பன் மாட்டை விற்று இருபது வருஷம் ஆகிறது. நோஞ்சான் யாகப்பன் பிறந்தபோது பிழைக்காது என்று அவசரமாக ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார், இப்போது வில்லியனூர் பைபாஸில் பரோட்டாக் கடை வைத்திருக்கிறார், அந்தக் கடையின் பெஞ்சில் அவர் உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்து நிற்க வேண்டும்.

நம் யாகப்பன், குண்டு யாகப்பன். அவருடைய தாத்தா உண்மையிலேயே குண்டு. தாத்தாவால் வீடு குண்டு வீடு ஆயிற்று, அந்த வீட்டில் பிறந்ததெல்லாம் குண்டு ஆயிற்று.

பொதுவாகவே அந்த ஊரில் இந்தச் சொல்லை யாரும் தராசு பார்த்துச் சொல்வதில்லை. கைக்குழந்தையைக் குண்டு என்றால் திருஷ்டி படும்படி அழகு என்று அர்த்தம். வெளியூரில் வாழ்க்கைப்பட்ட பெண் திரும்பி வரும்போது 'குண்டாயிட்டியேடி' என்றால் மாமியார் வீட்டில் சோறு போடுகிறார்கள் என்று நிம்மதி. அதே பெண்ணுக்கு வரன் பார்த்தபோது அவள் பூசினாற்போல இருக்கிறாள் என்றார்கள். சண்டையில் சொன்னால் வசவு, பேரனைச் சொன்னால் கொஞ்சல். இத்தனை வேலை பார்த்துக்கொண்டிருந்த சொல்லை அலுவலகம் பிடித்துப்போய் ஒரே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டது.

கணக்கெடுப்பு எப்படி நடந்தது என்பது அன்று மாலையே தெரிந்துவிட்டது. எடை பார்க்கும் இயந்திரத்துக்கு டெண்டர் முடியாததால் வாய்மொழியாகக் கணக்கெடுக்கும்படி உத்தரவு. பிரியதர்ஷினி என்ற ஒப்பந்த ஊழியை நோஞ்சானின் கடையில் உட்கார்ந்து, கோயில் தெருவில் யார் குண்டு என்று கேட்டிருக்கிறாள். பரோட்டா தட்டிக்கொண்டே நோஞ்சான் பதில் சொல்லியிருக்கிறார்.

"நான் இன்னா மச்சான் கண்டேன்" என்று அவர் வந்து தலையைச் சொறிந்தார். "குண்டு யாருன்னு கேட்டா உம் பேரத்தான சொல்லுவேன். எடை இன்னான்னுச்சு. ஒங்க தாத்தாவ நெல் தராசுல நிறுத்தப்போ நூத்திப் பன்னண்டு இருந்தாருன்னு ஒரு கதைக்குச் சொன்னேன். அத்த எழுதிக்கினு பூடுச்சி."

"போய் இல்லன்னு சொல்லுடா."

"எங்க போறது. எனுக்கே லெட்டரு வந்துருக்குது." நோஞ்சான் சட்டைப் பையிலிருந்து இன்னொரு பழுப்பு உறையை எடுத்தார். அதே அலுவலகத்தின் ஊட்டக்குறைப் பிரிவு அனுப்பியது. திரு. நலிவுற்றோர் யாகப்பன், எடை முப்பத்தெட்டு கிலோ, உடனடியாகப் பதினேழு கிலோ ஏற்ற வேண்டும். நூற்றுப் பதினெட்டு கிலோ நோஞ்சான் அந்த உறையாலேயே விசிறிக்கொண்டார். அவருக்குச் சர்க்கரையும் உண்டு, ரத்தக் கொதிப்பும் உண்டு. "தெனம் ஆறு முட்டையாம்டா. செத்துருவேன்."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் யாகப்பன் வில்லியனூர் போனார். வழி முழுக்க ஒரே ஜெபம்தான். அலுவலகத்தில் வருகிறவர்களுக்காகவே செய்த அகல நாற்காலியில் அவரை உட்கார வைத்தார்கள். இன்னும் மூன்று பேர் உட்காரலாம் என்ற அளவுக்கு அதில் இடம் மிச்சம் இருந்தது. யாரும் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

திட்ட அலுவலர் நடேசன் நல்ல ஆகிருதி. சட்டையின் நடுப் பொத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. கணக்கெடுக்கிறவர் கணக்கில் வரமாட்டார் என்பது விதி.

"சார், நான் குண்டு இல்ல சார்" என்றார் யாகப்பன்.

நடேசன் காதைப் பொத்திக்கொண்டார். "அந்தச் சொல்லை இங்கே சொல்லக்கூடாது. அது மனித மாண்புக்கு எதிரானது. அதை ஒழிக்க இந்த அலுவலகம் ஏழு கூட்டம் போட்டது. எட்டாவது கூட்டத்தில் ஒழித்தோம். இனி ஆவணங்களில் அது எங்கே இருந்தாலும் மிகையெடையர் என்று திருத்த வேண்டும். உங்கள் பெயரிலும் திருத்தியிருக்கிறோம். மரியாதையாக இருக்கிறதா இல்லையா?"

"மரியாதையாத்தான் இருக்குது சார். ஆனா நான் அது இல்ல சார். பாருங்க சார்." யாகப்பன் சட்டையைத் தூக்கினார். விலா எலும்புகளை வாசலில் இருந்தே எண்ணலாம்.

நடேசன் கோப்பைப் பார்த்தார். "ஆளைப் பார்த்து முடிவு செய்தால் அது பாரபட்சம். இந்த அலுவலகத்தில் அந்தக் கெட்ட பழக்கம் கிடையாது. கோப்பைப் பார்த்துத்தான் செய்வோம். அப்புறம் இன்னொன்று. ஒத்துக்கொள்கிறவர் முதல் நிலை. இல்லை என்று மறுக்கிறவர் இரண்டாம் நிலை. சட்டையைத் தூக்கிக் காட்டுகிறவர் மூன்றாம் நிலை. கையேட்டில் தெளிவாக இருக்கிறது."

யாகப்பன் சட்டையை இறக்கிவிட்டார். அறையின் மூலையில் புது எடை இயந்திரம் ஒன்று பிளாஸ்டிக் உறையோடு நின்றது, அதன் கழுத்தில் சிவப்பு ரிப்பன். டெண்டர் முடிந்து இயந்திரம் வந்துவிட்டிருந்தது.

"ஒரு வாட்டி அதுல ஏறிக் காட்டிர்றேன் சார்."

"அதை மேலிடத்துப் பெரியவர் வந்துதான் திறந்துவைக்க வேண்டும். திறக்காத இயந்திரத்தில் நீங்கள் ஏறினால் எனக்கு மெமோ வரும். அவர் முகாமின் கடைசி நாளில் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை பொறுங்கள்."

"அப்ப நான் அது இல்லன்னு ஒரு சர்ட்டிபிகேட்டு குடுங்க சார்."

"தாராளமாகத் தருவோம். முகாமை முடித்தவர்களுக்குத் தருகிறோம்."

கமிட்டிக்குத் திரும்பிய யாகப்பனின் முகத்தைப் பார்த்துவிட்டு, அங்கே எடை போடும் வீரமணி சங்கதியைக் கேட்டார். கேட்டதும் கொதித்துப்போனார். "இன்னாப்பா அநியாயம். நாடே நம்புற தராசு நம்மகிட்ட இருக்குது, அவன் ரிப்பன் கட்டி வச்சிருக்கான்" என்று யாகப்பனை நெல் தராசில் ஏற்றி, கமிட்டி ரசீதிலேயே எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்தார். அந்த ரசீதில் எதையும் காலியாக விட முடியாது. எனவே ரகம் பொன்னி, மூட்டை ஒன்று, எடை நாற்பத்தேழு, ஈரப்பதம் பதினாலு சதவீதம் என்று நிரப்ப வேண்டியதாயிற்று.

நடேசன் ரசீதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். "முத்திரை சரியாக இருக்கிறது" என்றார். யாகப்பனுக்கு உயிர் வந்தது. "ஆனால் இதன்படி நீங்கள் நெல். நெல்லுக்கு நாங்கள் விலக்கு அளிப்பதில்லை" என்று திருப்பிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை வேன் வந்தது. தவக்காலத்தின் நாற்பது நாள் ஒருசந்தி நோன்பை அப்போதுதான் முடித்து, ஈஸ்டருக்கு ஒரு வேளை கறிச்சோறு சாப்பிட்ட வயிறு அது. இன்னொரு நாற்பது நாளா என்று அது கேட்டது. மாதா படத்துக்கு முன்னால் முழங்கால் போட்டு எழுந்தார். நிலைப்படியைப் பிடித்துக்கொண்ட கையை விடவே இல்லை, செலின் மேரிதான் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டாள்.

முகாம், பாகூர் போகிற சாலையில் மூடிக்கிடந்த ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மணமகன் அறைப் பக்கம் மிகை எடைப் பிரிவு, மணமகள் அறைப் பக்கம் ஊட்டக்குறைப் பிரிவு. இரண்டுக்கும் நடேசன்தான் பொறுப்பு, ஊட்டக்குறை கூடுதல் பொறுப்பு. யாகப்பனோடு பதினொரு பேர் இருந்தார்கள். மண்ணாடிப்பட்டிலிருந்து வந்திருந்த இளைஞனுக்குப் பிறந்தபோது நாலு கிலோ இருந்ததால் பட்டப்பெயர் வந்ததாம், இப்போது சோளக்கொல்லைக் கம்பு மாதிரி இருந்தான். உண்மையிலேயே பருத்தவர்கள் யாரும் வரவில்லை. அவர்களுக்கெல்லாம் ஊரில் வாத்தியார், கண்ணாடிக்காரர், முதலாளி என்று வேறு பெயர்கள் இருந்தன.

காலையில் கொள்ளுத் தண்ணீர். மதியம் வெள்ளரிக்காய் நாலு துண்டு. மாலையில் மண்டபத்தை நாற்பது சுற்று. மூன்றாம் நாளே யாகப்பனுக்குச் சுவர்கள் கிட்டே வந்து கிட்டே வந்து போயின. மூட்டை தூக்கும்போது கண் இருட்டினால் எதிர்வரும் ஆளைப் பிடித்துக்கொள்ளலாம், இங்கே எதிர்வரும் ஆளும் இவரைப் பிடித்துக்கொள்ளத்தான் வந்தான். செத்துவிடுவோம் என்ற நினைப்பு அவருக்கு வயிற்றில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது, அங்கே வேறு எதுவும் இல்லாததால் அதற்கு இடம் தாராளமாக இருந்தது.

அவரைக் காப்பாற்றியது ஒரு ஜன்னல். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் சமையல்கட்டு, அங்கே கல்யாண நாட்களில் சாம்பார் வாளியை நீட்டுகிற சின்னப் பலகை ஜன்னல். நாலாம் நாள் மதியம் அந்தப் பலகை தானாக நகர்ந்தது. அந்தப் பக்கம் நோஞ்சானின் முகம், ஜன்னலை முழுக்க அடைத்துக்கொண்டு.

"மச்சான், முட்டையப் புடி. சத்துமா உருண்டையப் புடி. சீக்கிரம் புடிடா, தின்னலன்னா நர்சு வாயில திணிக்கிறா."

யாகப்பன் வெள்ளரிக்காயை நீட்டினார். நோஞ்சான் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்றிலிருந்து பதினொரு நாள் இரண்டு யாகப்பன்களும் ஒருவர் உயிரை ஒருவர் தட்டில் வைத்து மாற்றிக்கொண்டார்கள்.

பதினைந்தாம் நாள் நடேசன் பார்த்துவிட்டார். கோபப்படவில்லை, பயந்துபோனார். "என்ன காரியம் செய்தீர்கள்? அந்தத் திட்டத்து முட்டை இந்தத் திட்டத்து வயிற்றுக்குள் போகலாமா? தணிக்கைக்காரன் கேட்டால் யார் பதில் சொல்வது? அது வேறு கணக்குத் தலைப்பு, இது வேறு கணக்குத் தலைப்பு. பட்டினி கிடந்து ஒருவர் செத்தால் விசாரணை வரும், சமாளிக்கலாம். ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்கு முட்டை போனால் சமாளிக்க முடியாது." ஜன்னலில் ஆணி அடித்தார்கள்.

அதற்குப் பிறகு யாகப்பன் அதிகம் நடக்கவில்லை. சுவரை ஒட்டிப் படுத்துக்கொண்டு எதிர்ச் சுவரில் இருந்த வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு சிவப்புக் கோடு. நூற்றுப் பன்னிரண்டில் தொடங்கிய அவருடைய கோட்டைப் பிரியதர்ஷினி தினமும் மதியம் வந்து ஒரு கிலோவும் சொச்சமும் கீழே இறக்குவாள். இயந்திரம் இன்னும் திறக்கப்படாததால் அளவுகோலை வைத்து இறக்கினாள்.

இருபத்தைந்தாம் நாள் அவளிடம் கேட்டுவிட்டார். "ஏம்மா, நான் எப்பிடி இருக்கேன்னு ஒனக்குக் கண்ணு தெரியுதில்ல?"

பிரியதர்ஷினி பேனாவை மூடினாள். திரும்பிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் குந்தினாள். "தெரியுதுண்ணா. மொத நாளே தெரிஞ்சிது. நான் காண்ட்ராக்ட்டு. மாசா மாசம் புதுப்பிக்கணும். ஒங்க கோடு எறங்கலன்னா என் கோட்ட அழிச்சிருவாங்க. ரெண்டு புள்ளைங்க இருக்குதுண்ணா." கைப்பையிலிருந்து டிபன் டப்பாவை எடுத்துத் தன் தயிர்ச்சோற்றில் பாதியைப் பழைய செய்தித்தாளில் வழித்து வைத்தாள். "சாப்புடுங்க. இன்னைக்குக் கோட்ட கொஞ்சம் ஜாஸ்தியா எறக்கிர்றேன், யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

யாகப்பன் அழுதுகொண்டே சாப்பிட்டார். முகாம் முடிகிறவரை தினமும் அந்தப் பாதி டப்பாவில்தான் அவர் உயிர் இருந்தது.

நாற்பதாம் நாள் பெரியவர் வந்தார். வாழைமரம், நாதஸ்வரம், கேமரா. ரிப்பன் வெட்டப்பட்டது, பிளாஸ்டிக் உறை கழன்றது, முதல் ஆளாக மிகையெடையர் யாகப்பனை மேடைக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு பேர் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டார்கள். வரைபடத்தின்படி அவர் அறுபத்தாறு கிலோ இருக்க வேண்டும்.

இயந்திரம் நாற்பத்து நாலு காட்டியது.

நாதஸ்வரம் பாதியில் நின்றது. பிரியதர்ஷினியின் முகத்தில் ரத்தம் இல்லை. யாகப்பனுக்கு மட்டும் நாற்பது நாளில் முதல்முறையாக நெஞ்சு லேசானது. உண்மை எல்லார் முன்னாலும் எண்ணாகி நிற்கிறது, இனி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தார்.

நடேசன் மைக்கைப் பிடித்தார். "இலக்கு அறுபத்தாறு. இவர் அடைந்தது நாற்பத்து நாலு. இலக்கைத் தாண்டி இருபத்திரண்டு கிலோ. இதற்கு நாங்கள் காரணம் அல்ல என்று சொல்லுகிற அளவுக்கு நான் தன்னடக்கம் உள்ளவன் அல்ல." கைதட்டல் எழுந்தது. அடுத்து நோஞ்சானை ஏற்றினார்கள். இயந்திரம் நூற்று இருபத்தொன்று என்றது. "நாற்பது நாளுக்கு முன் முப்பத்தெட்டு கிலோவில் உயிருக்குப் போராடிய மனிதர் இவர்" என்றார் நடேசன். பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூச்சு வாங்க நின்ற நோஞ்சானையும், நிற்க முடியாமல் நின்ற யாகப்பனையும் இருபக்கமும் அணைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்.

பிறகு ஒரு சந்தேகம் கேட்டார். "நாற்பது நாளில் அறுபத்தெட்டு கிலோ குறைத்திருக்கிறீர்கள். மீதி நாற்பத்து நாலு இருக்கிறதே. அதற்கு எத்தனை நாள் ஆகும்?"

நடேசன் கால்குலேட்டரைத் தட்டினார். "இதே வேகத்தில் போனால் இருபத்தாறு நாள் ஐயா."

"முடித்துவிடுங்கள். அரைகுறையாக விட வேண்டாம்."

எதிரே இருந்தவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். யாகப்பன் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கோப்பு மேலே போய்க் கையெழுத்தாகிக் கீழே வர ஐந்து நாள் ஆகும் என்பதால் அதுவரை வீட்டில் இருக்க அனுமதித்தார்கள். செலின் மேரி கஞ்சி வைத்துக் கொடுத்தாள். அவருக்கு இறங்கவில்லை. ஒவ்வொரு வாய்க்கும் இயந்திரம் கண்ணில் வந்து நின்றது. தெருவில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் எழுந்து கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். ராத்திரி தூக்கத்தில் "நாப்பத்து நாலு இருக்குது சார், எடுத்துக்காதீங்க சார்" என்று கெஞ்சினார். அவள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டுக் கேட்டு, மூன்றாம் நாள் காலையில் ஒரு முடிவோடு கோயில் தெருவில் இறங்கினாள்.

வீடு வீடாகப் போனாள். "எம் புருஷன இனிமே அந்தப் பேரச் சொல்லி யாரும் கூப்புடாதீங்க. யாரு கேட்டாலும் அப்பிடி ஒருத்தன் இந்தத் தெருவுல இல்லன்னுடுங்க. ஒங்க புள்ளைங்க மேல ஆணையா" என்றாள். தெரு ஒத்துக்கொண்டது. பழக்கத்தை விடுவதுதான் சிரமமாக இருந்தது. வெறுமனே யாகப்பா என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பினார்கள். கடைசியில் ஒரு செருமல் செருமினால் அது குண்டு யாகப்பன் என்று வைத்துக்கொண்டார்கள். இரண்டு நாள் கோயில் தெரு முழுக்கச் சளிப் பிடித்த மாதிரி இருந்தது.

புதன்கிழமை காலை வேன் வந்தது. சத்தம் கேட்டதும் யாகப்பன் கதவுக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்துகொண்டார். வேறு யாரும் நுழைய முடியாத சந்து அது.

நடேசன் இறங்கிப் பட்டியலைப் பிரித்தார். "மிகையெடையர் யாகப்பன்."

தெரு நின்று பார்த்தது.

"அப்பிடி யாரும் இல்லியே சார்" என்றார் மிலிட்டரி யாகப்பன்.

"இருந்தார். போன வாரம் நாற்பத்து நாலு கிலோ இருந்தார்."

"இல்ல சார்" என்றார் பால்கார யாகப்பன். "குண்டுன்னு இந்தத் தெருவுல யாருமே இல்ல சார்" என்றார் நோஞ்சான், திணறித் திணறி மூச்சுவிட்டபடி. செலின் மேரி வாசலில் நின்று தலையை மட்டும் ஆட்டினாள்.

நடேசன் யோசித்தார். நெற்றி சுருங்கியது, பிறகு மெல்ல மெல்ல விரிந்தது. "இல்லையா? கொஞ்சம்கூட இல்லையா?" என்று கேட்டார். கொஞ்சம்கூட இல்லை என்று தெரு சொன்னது. நடேசன் பேனாவைத் திறந்து எடை என்ற கட்டத்தில் பூஜ்ஜியம் போட்டார். "இருபத்தாறு நாளில் முடிய வேண்டியது. முகாமுக்கு வராமலேயே, ஐந்தே நாளில் முடித்திருக்கிறார். மாநிலத்திலேயே முதல் முழு வெற்றி" என்றார். அவர் குரல் தழுதழுத்தது.

வேனிலிருந்து ஒரு கேடயமும் சட்டம் போட்ட படமும் வந்தன. மேடையில் எடுத்த படம், பெரியவரையும் நோஞ்சானையும் வெட்டிவிட்டு யாகப்பனை மட்டும் பெரிதாக்கியிருந்தார்கள். மேலே சந்தன மாலை போட்டிருந்தது. வெற்றியாளர்களுக்கு மாலை போட்டுத்தான் தர வேண்டும் என்று சுற்றறிக்கை.

செலின் மேரியின் கை நீளவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்ன மூச்சுச் சத்தம் கேட்டது. அவர் இருக்கிறார் என்று ஒரு வார்த்தை சொன்னால் படத்தை எடுத்துக்கொண்டு ஆளை ஏற்றிக்கொள்வார்கள். அவள் படத்தை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். அணைத்ததும் அழுகை தானாக வந்தது. அது நடிப்பு இல்லை.

"ரேஷன் கார்டுல பேரு இருக்குமில்ல சார்?" என்று கேட்டாள்.

"எடையே இல்லாதவருக்கு அரிசி எதற்கம்மா? நீக்கிவிட்டோம்" என்று நடேசன் ஆறுதல் சொன்னார். கையெழுத்து வாங்கிக்கொண்டு, அவளைக் கும்பிட்டுவிட்டு வேனில் ஏறினார்.

சத்தம் பாகூர் சாலையில் கரைந்ததும் செலின் மேரி படத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சோறு போட்டாள். யாகப்பன் சந்திலிருந்து வந்து தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். மாலைக்கு உள்ளிருந்து படத்தில் இருந்தவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பிடி சோற்றை எடுத்தார், அது எத்தனை கிராம் இருக்கும் என்று யோசித்தார், கீழே வைத்துவிட்டார்.

வாசலில் நோஞ்சானின் குரல் கேட்டது. இரண்டு நாள் அடக்கி வைத்திருந்த பெயரை அவர் வாய் நிறையக் கூப்பிட்டார். "டேய் குண்டு, போய்ட்டானுங்கடா. வெளிய வாடா மச்சான்."

யாகப்பன் எழுந்திருக்கவில்லை. செலின் மேரியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, மிகவும் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அப்பிடி ஒருத்தன் இந்த வூட்டுல இல்லன்னு சொல்லு."